நடுத்தர ஜெர்மானியரைவிடக் கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் பணக்காரரா?

அமெரிக்காவில் வயதுவந்த ஒருவரின் சராசரிச் சொத்து சுமார் 5 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அதே அமெரிக்காவில் வரிசையின் நட்ட நடுவில் நிற்பவரின் சொத்து 1 லட்சத்து 12 ஆயிரம் டாலர்தான். பெல்ஜியத்தில் நடுவில் நிற்பவரிடம் 2 லட்சத்து 56 ஆயிரம் டாலர் இருக்கிறது. யுபிஎஸ் வங்கி 2024-ல் வெளியிட்ட உலகச் சொத்து அறிக்கையில் இந்த மூன்று எண்களும் இருக்கின்றன. அப்படியானால் அமெரிக்கர் பணக்காரரா, பெல்ஜியக்காரர் பணக்காரரா?

ஆண்டுதோறும் இந்த அறிக்கை வந்ததும் அதிலிருந்து ஒரு பட்டியலை மட்டும் நறுக்கி எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை போன்ற, சித்தூர் தாலுகாவின் தமிழ் பேசும் ஊர்களில், இந்தப் பட்டியலுக்கு மவுசு கொஞ்சம் கூடுதல். ஒரு வீட்டுப் பையன் துபாயில் இருப்பான், அடுத்த வீட்டுப் பெண் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போவார். எந்த நாட்டில் மக்கள் வசதியாக இருக்கிறார்கள், கேரளாவா தமிழ்நாடா என்ற பேச்சுக்கு அங்கே என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் இந்தப் பட்டியல்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒரு நாட்டில் வயதான காலத்துப் பாதுகாப்பு யார் பெயரில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அவை காட்டுகின்றன. எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

சொத்து என்றால் எது?

ஒரு குறிப்பிட்ட நாளில் குடும்பத்தின் பெயரில் உள்ள எல்லாவற்றையும் விலைபோட்டுக் கூட்டி, கடன் அத்தனையையும் கழித்தால் கிடைப்பது நிகரச் சொத்து. வருமானம் வேறு. ஊறி வருவது வருமானம், இன்றைக்குக் கிணற்றில் நிற்கிற தண்ணீர் சொத்து. ஊற்று பலமாக இருந்தும் கிணறு காலியாகக் கிடக்கலாம், கிணறு நிறைந்திருந்தும் ஊற்று அடைபட்டிருக்கலாம்.

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை பக்கம் இப்படி ஒரு குடும்பம் யாருக்கும் புதிதல்ல. வயதுவந்தவர்கள் 4 பேர்.

- 10 சென்ட் மனை, அதில் வீடு: 30 லட்சம்
- 1 ஏக்கர் தென்னந்தோப்பு, பாதி மரங்களைக் கள்ளு இறக்க விட்டிருக்கிறார்கள்: 40 லட்சம்
- நகை, அடகில் இருப்பதும் சேர்த்து: 12 லட்சம்
- கறவை மாடு, ஸ்கூட்டர்: 1.5 லட்சம்
- கூட்டுறவு வங்கி டெபாசிட், சிட்டியில், அதாவது சீட்டில், இதுவரை கட்டியது: 1.5 லட்சம்

கூட்டினால் 85 லட்சம். கடன் பக்கம் வீட்டுக்கடன் 9 லட்சம், நகைக்கடன் 3 லட்சம், மகளிர் குழுக்கடன் 1 லட்சம், மொத்தம் 13 லட்சம். நிகரச் சொத்து 72 லட்சம்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. அடகில் இருக்கும் நகை கையில் இல்லாவிட்டாலும் சொத்துதான், அதன் மேல் வாங்கிய பணம் கடன் பக்கம் போகும். சிட்டி அப்படியல்ல, நேரத்தைப் பொறுத்துப் பக்கம் மாறும். சீட்டை எடுக்காதவரை கட்டிய பணம் சொத்து. எடுத்த மறுநாளிலிருந்து மீதித் தவணைகள் கடன்.

இந்தக் குடும்பத்தின் மாத வருமானம் 22,000 ரூபாய் என்று வையுங்கள். காகிதத்தில் முக்கால் கோடிக்குப் பக்கத்தில் சொத்து. ஆனால் திடீரென்று ஆஸ்பத்திரி செலவு வந்தால் தோப்பின் ஒரு மூலையை மறுநாளே விற்க முடியாது. மறுபடி நகைதான் பேங்குக்குப் போகும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஐரோப்பிய மத்திய வங்கி 2013-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஜெர்மனியில் நடுவில் நின்ற குடும்பத்தின் நிகரச் சொத்து 51,400 யூரோ. கணக்கெடுத்த 2010-11-ன் மாற்று விலையில் அது 30 லட்சம் ரூபாயைச் சற்றுத் தாண்டும். ஆண்டுகள் வேறு என்பதால் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமல்ல. ஆனாலும் நம் தோப்புக்காரர் 72 லட்சத்துடன் நடு ஜெர்மானியரை இரண்டு மடங்குக்கு மேல் முந்திவிடுகிறார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஜெர்மானியர் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த எண்ணுக்குள் வரவே இல்லை.

சராசரியா, இடைநிலையா?

முதல் சிக்கல் இங்கேதான். ஒரு தெருவில் ஐந்து வீடுகள். சொத்து முறையே 2, 8, 15, 25, 40 லட்சம். கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 18 லட்சம். வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரிடம் 15 லட்சம், இதுதான் இடைநிலை. செய்திகளில் மீடியன் என்று வருவதும் இதே எண்தான். 40 லட்சக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போக, 20 கோடி ரூபாய் வைத்திருக்கும் ஒருவர் அங்கே குடிவருகிறார். சராசரி ஒரே நாளில் 4 கோடியே 10 லட்சம் ஆகிவிடும். இடைநிலை அதே 15 லட்சம். மற்ற நான்கு வீடுகளிலும் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

ஆகவே சாதாரணக் குடும்பத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் இடைநிலையைத்தான் பார்க்கவேண்டும். சராசரியும் வீண் போகாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நாட்டின் ஏற்றத்தாழ்வைச் சொல்லிவிடும். அதே 2024 அறிக்கையில் ஆஸ்திரேலியாவின் சராசரி 5 லட்சத்து 46 ஆயிரம் டாலர், இடைநிலை 2 லட்சத்து 62 ஆயிரம்: இரண்டு மடங்கு. அமெரிக்காவில் ஐந்து மடங்கு. சராசரியில் உலகிலேயே முதலிடம் பிடிக்கும் சுவிட்சர்லாந்தில் 7 லட்சத்து 10 ஆயிரத்துக்கு 1 லட்சத்து 71 ஆயிரம், நான்கு மடங்கு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே பாதிப் பதில். மொத்தப் பணம் அமெரிக்காவில் குவிந்திருக்கிறது, நடுவில் நிற்பவரின் பெயரில் எழுதப்பட்டது பெல்ஜியத்தில் அதிகம்.

இந்தியாவுக்கு வருவோம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில் இருந்தது. கீழ்ப்பாதிக்கு 6.4 சதவீதம். வயதுவந்த ஒருவருக்குச் சராசரி 13.5 லட்சம் ரூபாய். கீழ்ப்பாதியில் உள்ள ஒருவருக்குச் சராசரி 1.7 லட்சம், அதற்கு மேலே உள்ள 40 சதவீதத்தினருக்கு 9.6 லட்சம். நம் மாதிரிக் குடும்பத்தின் 72 லட்சத்தை நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 18 லட்சம். அதாவது ஸ்கூட்டரில் போய், அடகு வைத்து, குழுக்கடன் கட்டி வாழும் இந்தக் குடும்பம் இந்தியச் சராசரிக்கு மேலே நிற்கிறது. "நாங்க மிடில் கிளாஸ்" என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலர் வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்று யோசிக்க இந்த ஒரு எண் போதும்.

தலைக்கணக்கா, வீட்டுக்கணக்கா?

யுபிஎஸ் அறிக்கை 20 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தலைக்கணக்காக எண்ணுகிறது. அமெரிக்க மத்திய வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு குடும்பத்தை எண்ணுகிறது. அதன் 2022 முடிவில் இடைநிலைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 1,92,900 டாலர், சராசரி 10 லட்சத்து 63 ஆயிரம் டாலர். யுபிஎஸ் சொன்ன 1 லட்சத்து 12 ஆயிரத்துடன் இது முரண்படவில்லை, அளவுகோல்தான் வேறு. இரண்டையும் கலந்து ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

குடும்பம் என்றால் யார் யார் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்கிறவர்களைக் குடும்பம் என்கிறது. நீண்ட காலமாக வெளியூரில் இருப்பவர் அதில் சேரமாட்டார். அப்படியானால் துபாய் மகன் கணக்கில் இல்லை, அங்கே அவன் வங்கியில் போட்டிருக்கும் பணமும் இல்லை. அவன் அனுப்பிய பணத்தில் அப்பா பெயரில் எழுந்த மாடிவீடு மட்டும் கணக்கில் வந்துவிடும். இது ஓரிரண்டு வீட்டுக் கதை அல்ல. 2023-ன் கேரளக் குடிபெயர்வு ஆய்வு சுமார் 22 லட்சம் கேரளத்தினர் வெளிநாட்டில் இருப்பதாகவும், அந்த ஆண்டில் வந்த பணம் 2 லட்சத்து 17 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பக்கம் என்றும் சொல்கிறது.

குடும்ப அளவும் நாட்டுக்கு நாடு மாறும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் குடும்பத்தில் சராசரியாக 4.4 பேர். ஜெர்மனியில் ஏறக்குறைய 2 பேர். அங்கே ஒற்றை ஆளாய் வாழும் 25 வயதுக்காரரும் ஒரு குடும்பம்தான். அவர் பெயரில் என்ன பெரிய சொத்து இருந்துவிடப் போகிறது?

2013: ஜெர்மனியைத் திகைக்க வைத்த பட்டியல்

இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வெடித்தது 2013 ஏப்ரலில். யூரோ நாடுகளின் குடும்பச் சொத்தை ஒரே முறையில் அளந்து ஐரோப்பிய மத்திய வங்கி முதல்முறையாக வெளியிட்டது. இடைநிலைக் குடும்பத்தின் சொத்து சைப்ரஸில் 2,66,900 யூரோ. ஸ்பெயினில் 1,82,700. இத்தாலியில் 1,73,500. கிரீஸில் 1,01,900. ஜெர்மனியில் 51,400, பட்டியலிலேயே கடைசி.

நேரத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய மாதம்தான் சைப்ரஸின் வங்கிகள் மூழ்காமல் இருக்க மீட்பு நிதி பேசி முடித்திருந்தார்கள். அந்த நிதியில் மற்ற எந்த நாட்டையும்விடப் பெரிய பங்கு ஜெர்மனியின் பொறுப்பு. "ஏழை ஜெர்மானியர் பணக்கார சைப்ரஸ்காரருக்கு ஏன் கொடுக்கவேண்டும்" என்று ஜெர்மனியில் கொதித்தார்கள். பொருளியலாளர்கள் பொறுமையாகப் பிரித்துக் காட்டிய காரணங்கள் இவை:

1. சொந்த வீடு. ஸ்பெயினில் நூற்றுக்கு 83 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன, ஜெர்மனியில் 44. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஸ்பெயினின் நடு ஆள் வீட்டுக்காரர், ஜெர்மனியின் நடு ஆள் வாடகைக்காரர். இடைநிலை சட்டென்று விழுந்ததற்கு இதுவே முதல் காரணம். ஜெர்மனியில் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குச் சாதகமானது. வாடகை வீட்டிலேயே ஆயுளைக் கழிப்பதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை.

2. ஓய்வூதியம். ஜெர்மானியத் தொழிலாளி ஒவ்வொரு மாதமும் அரசு ஓய்வூதியத்துக்குக் கட்டுகிறார். அந்தப் பணம் அவர் பெயரில் சேர்வதில்லை, அதே மாதம் இன்றைய முதியவர்களுக்குப் போய்விடுகிறது. அவர் முதுமையில் நாளைய தொழிலாளிகள் கட்டுவார்கள். அந்த உரிமை விலைமதிப்பு மிக்கது, ஆனால் சொத்துக் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

3. குடும்ப அளவு. தெற்கு ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் இருப்பது சகஜம். ஒரு கூரைக்குள் மூன்று சம்பளம், ஒரு வீடு.

4. வரலாறு. கிழக்கு ஜெர்மனியில் 1990 வரை தனியார் சொத்து சேர்க்க வாய்ப்பே குறைவு. அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குத் தாத்தா விட்டுப்போன தோட்டம், வீடு என்று ஒன்றும் கிடையாது.

5. அளந்த தேதி. ஸ்பெயினில் 2008-09-ல் எடுத்தார்கள், வீட்டு விலை உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய சமயம். சைப்ரஸில் 2010, வங்கி நெருக்கடிக்கு முன்பு. முடிவு வெளியானபோது அந்த விலைகள் பல இடங்களில் இல்லவே இல்லை.

இந்த ஐந்தோடு இன்னொன்றும் சேர்க்கவேண்டும். ஜெர்மனியின் சராசரி 1,95,200 யூரோ, அதாவது இடைநிலையைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நாட்டில் பணம் இல்லாமல் இல்லை, மேலே குவிந்து கிடக்கிறது. மற்ற ஐந்தும் விளக்கங்கள் என்றால் இது ஒரு குற்றச்சாட்டு. அன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச்சு குறைவாக இருந்தது.

அளவுகோலை மாற்றாமலே காலம் மட்டும் எண்ணை எப்படி மாற்றும் என்பதற்கும் ஜெர்மனியே சாட்சி. அந்நாட்டு மத்திய வங்கியின் அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் இடைநிலை 2014-ல் 60,400 யூரோ, 2017-ல் 70,800, 2021-ல் 1,06,600. பத்தாண்டில் இரட்டிப்பு. மக்கள் இரு மடங்கு உழைத்ததால் வந்ததல்ல இது, வீடு நிலத்தின் விலை ஏறியதற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

இரண்டு ஆசிரியர்கள், ஒரு எல்லை

ஓய்வூதிய விஷயத்தைப் புரிந்துகொள்ள ஜெர்மனி வரை போகவேண்டியதில்லை. வேலந்தாவளத்தில் ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கம் கோவை மாவட்டத்தில் ஒருவர். இருவரும் 2010-ல் அரசுப் பள்ளி ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கேரளத்தில் பங்களிப்பு ஓய்வூதியம் 2013 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத்தான். ஆகவே முதலாமவர் பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறார். அவர் பெயரில் ஓய்வூதியக் கணக்கில் ஒரு ரூபாயும் இருப்பு இல்லை, ஓய்வுபெற்றதும் சாகும்வரை மாதாமாதம் பணம் வரும், பிறகு குடும்ப ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த எல்லோரும் பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். இரண்டாமவரின் சம்பளத்திலிருந்து 10 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, அவர் கணக்கில் தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இருவரிடமும் சொத்துக் கணக்கெடுப்பாளர் போனால் என்ன ஆகும்? கணக்கில் இருப்பு உள்ள தமிழ்நாட்டு ஆசிரியர் பல லட்சம் கூடுதல் பணக்காரராகப் பதிவாவார். எந்த ஆசிரியர் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்பதை எல்லையோரத்தில் யாரையும் கேளுங்கள், பதில் நேர்மாறாக இருக்கும்.

நாடுகளுக்கிடையிலும் இதுவேதான் கதை. ஆஸ்திரேலியா 1992 முதல் எல்லா முதலாளிகளையும் ஊழியர் பெயரில் ஓய்வுக்கால நிதி போட வைத்தது. சூப்பரன்னுவேஷன் என்று அழைக்கப்படும் அந்தக் கட்டாயச் சேமிப்பு இப்போது சம்பளத்தில் 12 சதவீதம். அது ஊழியரின் சொந்தச் சொத்தாக எண்ணப்படும். ஆஸ்திரேலிய இடைநிலை உயரத்தில் நிற்பதற்கு நகரங்களின் வீட்டு விலையோடு இதுவும் காரணம். ஆஸ்திரேலியர் முதுமைக்குப் பெட்டியில் வைத்திருக்கிறார், ஜெர்மானியருக்கு அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. பெட்டி கணக்கில் வரும், வாக்கு வராது.

ஆஸ்பத்திரி, கல்லூரிச் செலவுகளும் இதே போலத்தான். அரசு பார்த்துக்கொள்ளும் நாட்டில் அவற்றுக்காகச் சேர்த்துவைக்கத் தேவை குறைவு.

ஒரே மாநிலம், ஒரே மொழி: பத்து சென்ட்டும் லயமும்

சொத்து உழைப்பினால் மட்டும் வருவதில்லை, சட்டத்தினாலும் வரும். 1963-ன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-ல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்காரர் உழுத நிலம் அவருக்கே என்றானது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. அன்று வந்த 10 சென்ட்தான் பல குடும்பங்களின் முதல் சொத்து, பிறகு அதன் மேல் வீடு, வீட்டின் மேல் கடன், கடனில் பிள்ளை படிப்பு என்று ஏறியது.

அதே சட்டம் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கும் தமிழர்கள் இருப்பது நிறுவனம் கொடுத்த லயத்தில், அதாவது வரிசை வீட்டில். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வுபெற்றால் காலி செய்யவேண்டும், குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் அங்கேயே இருக்க வழி. நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் சொத்துக் கணக்கில் பிஎஃப், கிராஜுட்டி, கொஞ்சம் நகை என்பதோடு முடிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜெர்மன் வாடகைக்காரருக்கும் வீடு இல்லை, லயத்துக் குடும்பத்துக்கும் வீடு இல்லை. சொத்துப் பட்டியலில் இருவரும் கீழேதான். ஆனால் முன்னவருக்கு வாடகைச் சட்டம், ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் இருக்கிறது. பின்னவருக்கு அவற்றின் இடத்தில் பிஎஃப், கிராஜுட்டி தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. குறைந்த சொத்து ஒரு நாட்டில் "தேவைப்படவில்லை" என்று பொருள், இன்னோர் இடத்தில் "கிடைக்கவே இல்லை" என்று பொருள். எண்ணை மட்டும் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது.

விலை போடுவது யார்?

இந்தியக் குடும்பங்களின் சொத்து என்பது கிட்டத்தட்ட மண்ணும் கட்டடமும்தான். தருண் ராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017-ல் தந்த அறிக்கையின்படி, சராசரிக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் வீடு நிலம், 11 சதவீதம் தங்கம், 7 சதவீதம் வீட்டு உபயோகப் பொருள்கள். வங்கி, பங்கு, காப்பீடு எல்லாம் சேர்த்து வெறும் 5 சதவீதம். 2019-ன் அகில இந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பிலும் படம் மாறவில்லை: கிராமக் குடும்பத்தின் சராசரிச் சொத்து 15.92 லட்சம் ரூபாய், நகரத்தில் 27.17 லட்சம். கிராமத்தில் விவசாயக் குடும்பத்துக்கு 22.07 லட்சம், விவசாயம் இல்லாத குடும்பத்துக்கு 7.85 லட்சம். நிலம் இருப்பதும் இல்லாததும்தான் இந்த இடைவெளி.

நிலத்துக்கு எது விலை? சித்தூர் கிழக்கு மழைமறைவுப் பகுதி. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் ஒரு விலை, வராவிட்டால் ஒரு விலை. பத்திரப் பதிவுக்குக் கேரளத்தில் ஃபேர் வேல்யூ, தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு. இரண்டையும் அந்தந்த அரசு தன் தேவைக்கேற்ப ஏற்றும், 2023-24 பட்ஜெட்டில் கேரளம் ஒரே அடியாக 20 சதவீதம் ஏற்றியது. ஊரில் கைமாறும் விலை மூன்றாவது. அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளிலும் வீட்டின் விலையை வீட்டுக்காரரே சொல்கிறார். தன் வீட்டைக் குறைத்து மதிப்பிடுகிறவர் எங்கும் அரிது.

மேல்தட்டின் பக்கம் வேறு ஓட்டை. பெரும் பணக்காரர்கள் கணக்கெடுப்பில் சிக்குவதில்லை. அமெரிக்க ஆய்வு ஃபோர்ப்ஸ் இதழின் 400 பேர் பட்டியலில் இருப்பவர்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. இது சராசரியைத்தான் குறைக்கும், இடைநிலையை அசைக்காது.

ரூபாயை டாலராக்கும்போது

உலக வங்கியின் விலை ஒப்பீட்டுத் திட்டத்தின்படி 2017-ல் ஒரு டாலரின் சந்தை விலை 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குவதை இந்தியாவில் வாங்க 20.65 ரூபாய் போதும். சந்தை விலையில் மாற்றினால் இந்தியர் சொத்து வாங்கும் சக்தியில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். சொத்துப் பட்டியல்கள் பெரும்பாலும் சந்தை விலையில்தான் மாற்றுகின்றன. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: தோப்பை விற்று வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்குச் சந்தை விலைதான் உண்மை. ஊரிலேயே வாழ்ந்து செலவழிப்பவருக்கு மற்றது.

இன்னொரு வேடிக்கை. 2011-ல் டாலர் 46.67 ரூபாய். 50 லட்சம் ரூபாய் வீடு அன்று 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர். வீட்டின் விலை அப்படியே நின்றிருந்தால் 2017-ல் அது 77 ஆயிரம் டாலர்கூட இல்லை. ரூபாய்க் கணக்கில் வீட்டுக்காரருக்கு ஒன்றும் குறையவில்லை, பட்டியலில் மட்டும் இறங்கிவிட்டார்.

பட்டியல் வாசலுக்கு வரும்போது

இதெல்லாம் பொருளியலாளர் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் அரசு ஒருவருக்கு உதவி தேவையா என்று தீர்மானிக்கும்போது வருமானத்தோடு சொத்தையும் பார்க்கிறது. கேரளத்தில் ரேஷன் முன்னுரிமைப் பட்டியலுக்கு, அதாவது பிங்க் கார்டுக்கு, மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதோடு ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், 1,000 சதுர அடிக்கு மேல் வீடு, நான்கு சக்கர வண்டி இருந்தாலும் கிடையாது.

நம் மாதிரிக் குடும்பம் வருமானத்தில் தேறிவிடுகிறது, 22,000 தானே. ஆனால் ஒரு ஏக்கர் தோப்பும் 10 சென்ட் மனையும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். பிங்க் கார்டு கிடைக்காது. வாடல் நோய் வந்து பாதி மரம் சாய்ந்து வருமானம் இன்னும் குறைந்தாலும் நிலத்தின் அளவு குறையாது, கார்டும் மாறாது. லயத்துக் குடும்பத்துக்கு இந்தச் சொத்துத் தடைகள் எதுவும் இல்லை. ஆனால் மகள் நர்சிங் படிப்புக்குப் பெரிய தொகை கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேனேஜர் முதலில் கேட்பது ஈடாக வைக்க நிலப் பத்திரம் இருக்கிறதா என்றுதான்.